மலைச்சரிவில் ஒரு கல்வீடு

நுழையும்முன்

போதிய பணம் சேர்ந்தபின் அமைதியாக வாழலாம் என்று எண்ணுவோர் பலர். தேவைகளைக் குறைத்துக்கொண்டால் இன்றே அமைதியாகவும் அஞ்சாமலும் வாழலாம் என்று எண்ணுவோர் சிலர். அச்சிலருள் ஓர் இணையர் அமெரிக்காவின் மலைச்சரிவு ஒன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தம் கைகளாலேயே வீடு கட்டி, பயிரிட்டு, எழுதி, இசைத்து வாழ்ந்தனர். அவர்கள் ஏன் மலைக்குச் சென்றனர்? அங்கே எதைப் பெற்றனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மலையை நோக்கி

1932ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் அமைந்த வெர்மான்ட் மாநிலத்தின் பசுமை மலைத்தொடரில், மேப்பிள் மரங்களின் இலைகள் சிவப்பும் பொன்னிறமுமாக மாறி உதிர்ந்துகொண்டிருந்தன. அத்தொடரில் உள்ள ஸ்ட்ராட்டன் மலையின் அடிவாரப் பள்ளத்தாக்கிற்கு, நியூயார்க் நகரிலிருந்து இருவர் குடிவந்தனர். ஒருவர் நாற்பத்தொன்பது வயதுடைய ஸ்காட் நியரிங். மற்றொருவர் இருபத்தெட்டு வயதுடைய ஹெலன். அவர்கள் வாங்கியிருந்த நிலம் 65 ஏக்கர். அதன் விலையில் 300 டாலரை ரொக்கமாகக் கொடுத்தனர். எஞ்சிய 800 டாலர் அடமானக் கடனாக நின்றது. நிலம் வளம் குன்றியிருந்தது. அதில் இருந்த பழைய மரவீடு பழுதுற்றிருந்தது. குளிர்காலமோ வாசலில் நின்றது.

அந்நாளில் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியிருந்தது. ஆலைகள் மூடப்பட்டன, வங்கிகள் நொடித்தன, வேலையற்றோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டனர். நகரத்தில் ஒரு கிண்ணக் கஞ்சிக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். வேலை போனால் உணவு இல்லை, உறையுள் இல்லை என்னும் அச்சம் வீடுதோறும் குடிகொண்டிருந்தது. மலைக்கு வந்த அவ்விருவருக்கும் அவ்வச்சம் புதிதன்று. வீழ்ச்சி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்காட் தம் வேலையை இழந்திருந்தார். அவர் வேலையை இழந்த காரணத்தை அறிந்தால்தான் அவர் மலையை நாடிய காரணமும் விளங்கும்.

பேச்சுக்குக் கிடைத்த தண்டனை

ஸ்காட் நியரிங் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் மோரிஸ் ரன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அச்சுரங்கத்தின் மேலாளர். வசதியான வீட்டில் வளர்ந்தபோதும், சுரங்கத் தொழிலாளர் படும் பாட்டை அவர் இளமையிலேயே கண்டார். பொருளியல் பயின்று 1909ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். மாணவர்கள் விரும்பிக் கேட்கும் வகுப்பாக அவருடைய வகுப்பு விளங்கியது.

அக்காலத்தில் பென்சில்வேனியாவின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர்கள் கூலிவேலை செய்தனர். பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில், நிலக்கரிக் குவியலிலிருந்து கற்களைப் பொறுக்கிப் பிரித்துக் கைவிரல் தேய்ந்தனர். வகுப்பறையில் பொருளியல் கோட்பாடுகளைக் கற்பித்துவிட்டு, வெளியே நிகழும் இக்கொடுமையைப் பற்றி வாய்மூடி இருக்க ஸ்காட்டால் இயலவில்லை. மேடைகளில் பேசினார், நூல்களில் எழுதினார். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் செல்வாக்கு மிக்க தொழிலதிபர்கள் இருந்தனர். 1915ஆம் ஆண்டு, காரணம் எதுவும் கூறப்படாமல் அவருடைய பணி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. அந்நாட்டில் ஆசிரியரின் கருத்துரிமை பற்றிய பெரும் விவாதத்தை அந்நிகழ்ச்சி எழுப்பியது.

அதன்பின் ஒகையோ மாநிலத்தின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் பணி கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கிய 1917ஆம் ஆண்டில், போரை எதிர்த்துப் பேசியமைக்காக அப்பணியையும் இழந்தார். போரை எதிர்த்து அவர் எழுதிய சிறுநூலுக்காக அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது. 1919ஆம் ஆண்டு நடந்த விசாரணையில், தம் கருத்தைத் தாமே நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார். முடிவில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. விந்தை என்னவெனில், நூலை எழுதியவர் விடுதலை பெற்றார். அதனை வெளியிட்ட அமைப்புக்கோ தண்டம் விதிக்கப்பட்டது.

விடுதலை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. கல்லூரிகளின் கதவுகள் அடைத்துக்கொண்டன. பதிப்பாளர் பலர் விலகினர். உள்ளத்தில் உள்ளதைப் பேசினால் உணவு பறிபோகும். உணவைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் பேச்சை விழுங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று அவர் தேடத் தொடங்கினார்.

வயலினும் மண்வெட்டியும்

ஹெலன் வேறோர் உலகிலிருந்து வந்தவர். 1904ஆம் ஆண்டு பிறந்த அவர், நூலும் இசையும் நிறைந்த, புலால் உண்ணாத குடும்பத்தில் வளர்ந்தார். பெற்றோர் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர்கள். வயலின் இசைக் கலைஞராகும் நோக்கத்துடன் ஐரோப்பா சென்று பயின்றார். சென்னை அடையாற்றில் அச்சபையினரால் வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தியுடன் இளமையில் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. ஸ்காட்டைச் சந்தித்தபின் அவருடைய வாழ்க்கைப் பாதை மாறியது. உழைப்பவரின் வாழ்வை அறிவதற்காகத் தொழிற்சாலைகளில் கூலிக்கு வேலை செய்தார். இசைமேடையின் ஒளியைத் துறந்து, வேலையும் வருவாயும் அற்ற ஒருவரோடு இணைந்து மலைக்கு வந்தார். வயலினை மட்டும் அவர் துறக்கவில்லை. பகலில் மண்வெட்டி பிடித்த அதே விரல்கள் ஓய்வுப்பொழுதில் நரம்பிசை எழுப்பின.

இருவரும் தம் நோக்கங்களைத் தெளிவாக வகுத்துக்கொண்டனர். தமக்கு வேண்டிய உணவையும் உறையுளையும் எரிபொருளையும் இயன்றவரை தாமே உண்டாக்கிக்கொள்ளுதல், உடல்நலத்தைப் பேணுதல், பிற உயிரையும் பிறர் உழைப்பையும் சுரண்டாது வாழ்தல் ஆகியன அவை. வேலை தருவோர் எவரும் இல்லாத இடத்தில், வேலையைப் பறிப்போரும் இல்லை. ஸ்காட் தேடிய மூன்றாவது வழி அதுவாக இருந்தது.

கல்மேல் கல்லாக

பழைய மரவீட்டில் தங்கியபடியே புதிய வீட்டைக் கட்டத் தொடங்கினர். மலைநிலத்தில் எளிதாகவும் இலவசமாகவும் கிடைத்த பொருள் கல். உழுத இடமெல்லாம் கல். ஓடையோரம் எல்லாம் கல். உழவருக்கு இடையூறாகக் கிடந்த அக்கற்களையே அவர்கள் தம் செல்வமாகக் கொண்டனர். நடக்கும்போது கண்ணில் பட்ட நல்ல கல்லை எடுத்துவந்தனர். கற்களை அவற்றின் இயல்பை நோக்கித் தனித்தனிக் குவியல்களாகப் பிரித்தனர். மூலைக்கு உரியவை ஒருபுறம், முகம் தட்டையானவை ஒருபுறம், தரைக்கு ஏற்றவை ஒருபுறம், புகைபோக்கிக்கு ஏற்றவை ஒருபுறம் எனக் குவியல்கள் வளர்ந்தன.

இருவரும் கொத்தர் தொழிலைக் கற்றவர்கள் அல்லர். எர்னஸ்ட் ஃபிளாக் என்னும் கட்டடக் கலைஞர், பயிற்சி குறைந்தோரும் கல்வீடு கட்டுவதற்கு ஒரு முறையை வகுத்திருந்தார். சுவர் எழும்பவேண்டிய இடத்தின் இருபுறமும் மரப்பலகைகளால் அச்சு அமைக்க வேண்டும். கல்லின் தட்டையான முகம் வெளிப்பலகையை ஒட்டி நிற்குமாறு அடுக்க வேண்டும். பின்புறமும் இடுக்குகளிலும் காங்கிரீட் கலவையை இட்டு நிரப்ப வேண்டும். கலவை இறுகியபின் பலகைகளைக் கழற்றி, மேலடுக்கிற்கு உயர்த்த வேண்டும். இம்முறையை அவர்கள் பின்பற்றினர். ஸ்காட் கலவையைக் கையாலேயே குழைத்தார். ஹெலன் கல்லைத் தேர்ந்து அடுக்கினார். ஓர் இசைக்கலைஞர் கல் பதிக்க, ஒரு பேராசிரியர் அவருக்குச் சிற்றாளாக நின்றார்.

அவ்வீடு ஒரு பருவத்தில் முடிந்துவிடவில்லை. தோட்டவேலை போக எஞ்சிய நேரத்தில்தான் கட்டடவேலை நடந்தது. விரைந்து முடிக்கவேண்டும் என்ற பதற்றமும் அவர்களுக்கு இல்லை. வீட்டைத் தொடர்ந்து விறகுக் கொட்டகை, கருவிகள் வைக்கும் அறை, விருந்தினர் தங்கும் சிறுவீடு எனக் கல்கட்டடங்கள் ஒவ்வொன்றாக அச்சரிவில் எழுந்தன. சுற்றியுள்ள பாறைகளின் நிறமே சுவர்களின் நிறமாகவும் இருந்தமையால், அவை மலையிலிருந்தே முளைத்தவைபோலத் தோன்றின.

மரக்கிண்ணத்தில் உணவு

வெர்மான்ட் மலைகளில் பயிர்செய்யும் காலம் மிகக் குறுகியது. வேனிலின் தொடக்கத்திலும் உறைபனி விழும். வேனில் முடியும்முன்னும் உறைபனி வந்துவிடும். இடையில் கிடைக்கும் சில மாதங்களில் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய காய்கறிகளை விளைவிக்க வேண்டும். அவர்கள் வேதி உரங்களை இடவில்லை. இலைதழை, களை, காய்கறிக் கழிவு ஆகியவற்றை மக்கவைத்து உரமாக்கினர். ஆண்டுக்கு ஆண்டு மண் கறுத்து வளம் பெற்றது. முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு முதலியவற்றை அறுவடை செய்து நிலவறையில் சேமித்தனர். கிழங்குகளைப் பெட்டிகளில் அடுக்கி, இடையிடையே உதிர்ந்த இலைகளைப் பரப்பினர். வெளியே பனி ஆளுயரம் குவிந்திருக்கும் நாளிலும், நிலவறையில் கிழங்குகள் வாடாமல் இருந்தன.

அவர்கள் இறைச்சி உண்ணவில்லை. கறவைமாடு, குதிரை, கோழி எதனையும் வளர்க்கவில்லை. பிற உயிரை அடிமைப்படுத்தி வாழ்தல் தகாது என்பது அவர்கள் கொள்கை. காலையில் பழங்கள், நண்பகலில் காய்கறிச் சாறும் தானியமும், மாலையில் பச்சைக் காய்கறிகள். ஒருவருக்கு ஒரு மரக்கிண்ணம், ஒரு மரக்கரண்டி. உண்டபின் கழுவுவதற்குக் கலங்கள் மிகுதியாக இல்லை. சமைப்பதற்குச் செலவிடும் நேரம் குறைந்தால், படிப்பதற்கும் இசைப்பதற்கும் நேரம் மிகும் என்று ஹெலன் கருதினார்.

இனிப்பு தந்த மரங்கள்

உணவைத் தாமே விளைவித்தாலும், வரி செலுத்தவும் உப்பும் துணியும் கருவியும் வாங்கவும் பணம் வேண்டும். அப்பணத்தை மேப்பிள் மரங்கள் தந்தன. பனையின் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதை நாம் அறிவோம். அதைப்போன்றே சர்க்கரை மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகும் சர்க்கரையும் எடுப்பர். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அம்மண்ணின் தொல்குடிகள் இக்கலையை அறிந்திருந்தனர்.

குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் சில வாரங்களில்தான் சாறு ஊறும். இரவில் நீர் உறையும் குளிரும், பகலில் பனி உருகும் வெயிலும் மாறிமாறி வரவேண்டும். மரத்தில் சிறு துளையிட்டு, குழல் பொருத்தினால் சாறு சொட்டும். பார்வைக்கு அது தண்ணீரே. நாவில் இட்டால் மெல்லிய இனிப்பு தெரியும். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். சாறு ஊறும் நாள்களில் ஓய்வு இல்லை. விறகடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். காய்ச்சும் கொட்டகையின் கூரைவழியே இனிய மணமுள்ள நீராவி மேலெழுந்துகொண்டே இருக்கும். இத்தொழிலில் தாம் கற்றவற்றையும் அதன் வரலாற்றையும் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1950ஆம் ஆண்டு வெளிவந்தது.

மேப்பிள் பாகு நல்ல விலைக்கு விற்றது. இன்னும் சில மரங்களில் துளையிட்டிருந்தால், இன்னும் சில ஆட்களை அமர்த்தியிருந்தால் அவர்கள் செல்வராகியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே அவ்வாண்டிற்கு எவ்வளவு பணம் தேவை என்று கணக்கிட்டனர். அத்தொகை கிடைத்ததும் பணத்திற்கான உழைப்பை நிறுத்தினர். எஞ்சிய காலம் அவர்களுடையது. ஈட்டுவதற்கு ஓர் எல்லை வகுத்ததுதான் அவர்களுடைய எளிமையின் அடித்தளம். எல்லை இல்லாத வருவாய்க்கு எல்லை இல்லாத உழைப்பும், எல்லை இல்லாத கவலையும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நான்கு, நான்கு, நான்கு

அவர்கள் ஒரு நாளின் விழித்திருக்கும் பொழுதை மூன்றாகப் பகுத்தனர். நான்கு மணி நேரம் உணவுக்கான உடலுழைப்பு. நான்கு மணி நேரம் படிப்பு, எழுத்து, இசை. நான்கு மணி நேரம் மக்களோடு கலந்து பழகுதல். ஒவ்வொருவரும் தம் உணவுக்காகத் தம் உடலால் உழைக்கவேண்டும் என்னும் கருத்தை டால்ஸ்டாய் வலியுறுத்தினார். காந்தியடிகள் அதனைத் தம் ஆசிரமங்களில் நடைமுறைப்படுத்தினார். அக்கருத்தின் மற்றொரு வடிவத்தை இம்மலைவீட்டில் காணலாம்.

உடலுழைப்பை அவர்கள் தண்டனையாகக் கருதவில்லை. அதனையே வாழ்வின் முழுமையாகவும் கருதவில்லை. விறகு பிளந்த கை எழுதுகோலையும் பிடிக்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். குளிர்காலங்களில் பள்ளத்தாக்கை விட்டு இறங்கி, நாடெங்கும் சென்று ஸ்காட் சொற்பொழிவாற்றினார். மலைவாழ்வு அவர்களுக்கு ஒளிந்துகொள்ளும் குகையாக இருக்கவில்லை; உலகத்தை நோக்கி உரக்கப் பேசுவதற்கு உறுதியான மேடையாக இருந்தது.

அம்மேடையின் வலிமை 1945ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஸ்காட்டின் அறுபத்திரண்டாம் பிறந்தநாள். அன்றுதான் ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அப்பேரழிவைக் கேட்டு நெஞ்சு பதைத்த அவர், இனி இவ்வரசைத் தம் அரசாகக் கொள்ள இயலாது என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்கு மடல் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதனினும் மென்மையான சொற்களுக்காக அவர் வேலையை இழந்தார். இம்முறை அவரிடமிருந்து பறிப்பதற்கு எதுவும் இல்லை. நிலவறையில் உருளைக்கிழங்கும், கொட்டகையில் விறகும் இருந்தன. மறுநாள் காலையிலும் அவர் வழக்கம்போல் மண்வெட்டியைத் தோளில் வைத்துத் தோட்டத்திற்குச் செல்ல முடிந்தது.

நிறைவேறாத கனவு

இவ்வாழ்வில் குறைகளே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்கள் அவர்களை மதித்தனர். ஆனால் முழுமையாகத் தம்மவராக ஏற்கவில்லை. இறைச்சியும் பாலும் உண்ணாத, மணிக்கணக்கிட்டு வேலை செய்த அவர்களுடைய போக்கு அண்டை அயலாருக்கு விந்தையாகத் தோன்றியது. பலர் ஒன்றுகூடி உழைத்துப் பகிர்ந்து வாழும் கூட்டுறவுச் சமூகத்தை அங்கே உருவாக்க இருவரும் முயன்றனர். அது கைகூடவில்லை. வீடு கட்டுவதிலும் மண்ணைத் திருத்துவதிலும் பெற்ற வெற்றியை, மனிதரை இணைப்பதில் பெறவில்லை என்பதை அவர்களே தம் நூலில் ஒப்புக்கொண்டனர்.

அவர்களுக்கு அங்கே குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு இல்லை. சொற்பொழிவாலும் நூல்களாலும் குடும்பவழியாலும் கிடைத்த பணமும் துணைநின்றது எனப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். எனவே அவர்கள் சென்ற வழியில் அப்படியே செல்வது எல்லார்க்கும் இயல்வதன்று. எனினும், இயன்றவற்றுள் எளியதைத் தேர்ந்தனர் என்பதும், சொன்னதைச் செய்துகாட்டினர் என்பதும் மறுக்க முடியாதவை.

உழைக்காமல் வந்த செல்வம்

மலைக்கு வந்த தொடக்கக் காலத்தில் அவர்கள் பெருமளவு காட்டு நிலத்தையும் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல மரத்தின் விலை உயர்ந்தது. நிலத்தின் விலையும் உயர்ந்தது. அக்காட்டை விற்றால் பெரும்பொருள் கிடைக்கும். ஆனால், அவ்விலையேற்றத்திற்குத் தாம் செய்த உழைப்பு யாது என்று அவர்கள் தம்மைத் தாமே வினவிக்கொண்டனர். மரங்கள் தாமே வளர்ந்தன. விலையைச் சமூகத்தின் தேவை உயர்த்தியது. தாம் உழைத்து ஈட்டாத செல்வம் தமக்கு உரியதன்று என்று முடிவுசெய்தனர். அக்காட்டை வின்ஹால் என்னும் அவ்வூருக்குப் பொதுக்காடாக எழுதிக்கொடுத்தனர். வகுப்பறையில் பொருளியல் கோட்பாடாகக் கற்பித்த ஒன்றைத் தம் சொந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டு மெய்ப்பித்தார் அப்பேராசிரியர்.

அப்பள்ளத்தாக்கின் அமைதி மெல்லக் குலையத் தொடங்கியது. பனிச்சறுக்கு விளையாட்டை நாடிவரும் கூட்டம் அம்மலைப்பகுதியில் பெருகியது. 1952ஆம் ஆண்டு, தாம் கட்டிய கல்வீட்டையும் தாம் திருத்திய மண்ணையும் விட்டு, மெய்ன் மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான ஹார்பர்சைடுக்குச் சென்றனர். அப்போது ஸ்காட்டுக்கு அறுபத்தெட்டு வயது. பிறர் பணி நிறைவு பெற்றுச் சாய்வு நாற்காலியில் அமரும் வயதில், அவர் மீண்டும் ஒரு வறண்ட நிலத்தைக் கொத்தத் தொடங்கினார்.

வெர்மான்ட் மலைவாழ்வைப் பற்றி இருவரும் எழுதிய நூல் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. முதலில் அதனைப் படித்தோர் சிலரே. 1970ஆம் ஆண்டு அது மறுபதிப்புப் பெற்றபோது, வியட்நாம் போரினால் மனம் வெதும்பியிருந்த இளைஞர்கள் அதனைத் தேடிப் படித்தனர். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் அவர்கள் ஹார்பர்சைடுக்கு வந்தனர். வந்தவர்கள் அறிவுரை கேட்கக் காத்திருந்தனர். அவர்களுக்கு வேலையும் காத்திருந்தது. கல் சுமந்தும் களை பறித்தும் கற்றது அவர்கள் பெற்ற பாடம். தொண்ணூறு வயதை எட்டிய காலத்தில் ஸ்காட்டும், எழுபதை எட்டிய ஹெலனும் அங்கே தம் கடைசிக் கல்வீட்டைக் கட்டினர்.

தாமதமாக வந்த பணி நிறைவு

1973ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்காட்டுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அவரைப் பணிநிறைவு பெற்ற மதிப்புறு பொருளியல் பேராசிரியராக ஏற்பதாகப் பல்கலைக்கழகம் தெரிவித்தது. பணியிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர், 58 ஆண்டுகள் கழித்து, தொண்ணூறாம் வயதில் பணி நிறைவு பெற்றார். அப்பெருமையை எதிர்பார்த்து அவர் தம் வாழ்நாளைக் கழித்திருந்தால், அவ்வாழ்நாள் முழுதும் மனக்குறையிலேயே கழிந்திருக்கும். அவரோ அதற்குள் இரண்டு பண்ணைகளை உருவாக்கியிருந்தார்; பல நூல்களை எழுதியிருந்தார்.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அவர் நூறு வயதை நிறைவுசெய்தார். அம்மாதம் 24ஆம் நாள், ஹெலன் அருகிலிருக்கத் தம் இல்லத்திலேயே இயற்கை எய்தினார். ஹெலன் அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்து, தோட்டத்தைப் பேணி, இருவர்தம் வாழ்வையும் நூலாக எழுதி, 1995ஆம் ஆண்டு மறைந்தார். அவர்கள் கட்டிய கடைசிக் கல்வீடு இன்று, எளிய வாழ்வைக் கற்க வருவோருக்கான நிலையமாக விளங்குகிறது.

இவ்வாழ்வைக் கற்போர் அனைவரும் மலையேறவேண்டும் என்பதில்லை. கல்வீடு கட்டவேண்டும் என்பதும் இல்லை. பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர்க்கு, எந்த வேலைக்குச் செல்வது, எவ்வளவு ஈட்டுவது என்னும் வினாக்கள் இப்போதே முன்நிற்கின்றன. அவ்வினாக்களோடு மற்றொரு வினாவையும் சேர்த்துக்கொள்ள இவ்விணையர் கற்பிக்கின்றனர்: எவ்வளவு இருந்தால் போதும்? இவ்வினாவுக்கு விடை கண்டவர், தம் மனச்சான்று கூறுவதைப் பேசுவதற்கு அஞ்சவேண்டியதில்லை. தேவை பெருகப் பெருக, நம்மை அடக்குவதற்குப் பிறர் கையில் கயிறுகள் மிகுகின்றன. தேவை குறையக் குறைய, அக்கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. அந்த மலைச்சரிவில் ஸ்காட்டும் ஹெலனும் வீட்டைக் கட்டினர். அதனோடு அக்கயிறுகளையும் அவிழ்த்தனர்.

தெரிந்து தெளிவோம்

சர்க்கரை மேப்பிள் மரம் வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிகளில் மிகுதியாக வளர்கிறது. இதன் சாற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு அளவே சர்க்கரை உள்ளது. நன்கு முதிர்ந்த மரத்தில் மட்டுமே துளையிடுவர். ஆண்டுதோறும் புதிய இடத்தில் துளையிடுவதால் பழைய துளை தானே மூடிக்கொள்கிறது. முறையாகப் பேணினால் ஒரே மரம் தலைமுறை தலைமுறையாகச் சாறு தரும். கனடா நாட்டுக் கொடியில் இடம்பெற்றிருப்பது மேப்பிள் இலையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் வாங்கப்படும் பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றுள் இன்றியமையாதவை, தவிர்க்கத்தக்கவை எனப் பிரித்து, உங்கள் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.

2. 'உழைக்காமல் வந்த செல்வம் நமக்கு உரியதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. பணி நிறைவு பெற்றபின்னும் உழைத்துவரும் முதியவர் ஒருவரை உங்கள் பகுதியில் சந்தித்து, அவர்தம் ஒருநாள் வாழ்வைப் பற்றிக் கட்டுரை வரைக.